வெண்தோலும் நீலத்தோலும்

ஜப்பானிய அழகைப் பற்றித் தமிழில் எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் நடக்கிறார்கள். செர்ரிப் பூ, தேநீர்ச் சடங்கு, ஹைக்கூ. அவற்றைத் தாண்டினால் ஹிமேஜிக் கோட்டை. வெண்கொக்கு சிறகு விரித்தாற்போல நிற்கும் அந்தக் கோட்டைக்குக் கிழக்கே இச்சிக்காவா என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் நூற்றாண்டுகளாகத் தோல் பதனிடுகிறார்கள். ஜப்பானில் பதனிடப்படும் தோலில் பெரும்பங்கு ஹிமேஜி அமைந்த ஹ்யோகோ மாநிலத்தில்தான் உருவாகிறது. நம் பயணக் கட்டுரைகளில் கோட்டை வரும், ஆற்றங்கரை வராது.

வேலூர்க்காரர் ஒருவருக்கு இந்த அமைப்பைச் சொன்னால் அவர் வியக்கமாட்டார். அவர் ஊரிலும் அகழி சூழ்ந்த கோட்டை உண்டு. வடக்கே பாலாறு. ஆற்றை ஒட்டி மேலும் கீழுமாக வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள்; சற்று விலகிப் பேரணாம்பட்டு. கோட்டை, ஆறு, தோல் என்ற மூன்றும் இரண்டிடத்திலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பெங்களூர் ரயிலில் ஆம்பூரை நெருங்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் பயணிகளைப் பார்த்திருக்கிறேன். ஹிமேஜியைக் கடக்கும் புல்லட் ரயிலின் ஜன்னலோ திறவாதது. கோட்டை மட்டும் கண்ணில் படும், வாடை எட்டாது. ஜப்பானிய அழகு நம்மை வந்தடைந்த விதத்துக்கும் அந்த மூடிய ஜன்னல் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கோட்டைகளிலிருந்தே தொடங்குவோம். ஹிமேஜியின் தோல் சாமுராய்களின் கவசத்துக்கும் குதிரைச் சேணத்துக்கும் போயிற்று. வீரனின் உடலோடு ஒட்டிய பொருள் அது, அவனுடைய பெருமைக்குரியதும்கூட. வேலூர்க் கோட்டையில் தோல் வேறொரு வரலாற்றை எழுதியது. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தன் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகையை விதித்தது. அதில் தோலால் ஆன குஞ்சம் ஒன்று இருந்தது. இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒருசேர மறுத்தார்கள். 1806 சூலை 10ஆம் நாள் விடியுமுன் துப்பாக்கிகள் வெடித்தன. கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு என்றாலும் முதற்பொறிகளில் ஒன்று அந்தத் தோல்துண்டு. ஒரு கோட்டையில் தோல் மார்பில் ஏறிற்று. மற்றொன்றில் தலையில் ஏற மறுக்கப்பட்டது. ஆனால் இரு கோட்டைகளிலும் தோலை உரித்து, ஊறவைத்து, பதப்படுத்தித் தந்தவர்கள் மதிலுக்கு வெளியிலேயே குடியிருந்தார்கள். ஒற்றுமையும் வேற்றுமையும் இவ்விடத்தில் ஒன்றாகவே பிறக்கின்றன.

தொழில்நுட்பத்தைப் பார்த்தால் எதிர்பாராத உறவு ஒன்று தென்படும். ஹிமேஜியின் புகழ்பெற்ற வெண்தோல் மிகச் சில பொருள்களால் ஆனது: ஆற்றுநீர், உப்பு, கடுகு இனத்துச் செடியான ரேப்பின் விதையிலிருந்து பிழிந்த எண்ணெய், வெயில், மனிதக் கால்கள். பச்சைத்தோலை ஆற்றில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மயிர் தளர்ந்ததும் மழித்து, உப்பேற்றி, எண்ணெய் தடவி, காலால் மிதித்து, வெயிலில் காயவைத்து, மறுபடியும் மிதிப்பார்கள். மாதக்கணக்கில் இது நடக்கும். சாயமோ மரப்பட்டையோ சேர்க்காமலே தோல் பாலேடு போல வெளுத்து வரும். பாலாற்றங்கரையின் பழைய முறையில் சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் உண்டு. இங்கே தோல் இளம்பழுப்பாக மென்மை பெறும். கடைசியில் எண்ணெய் இங்கும் உண்டு. ஒன்று எண்ணெயை நம்பியது, மற்றது பட்டையை. ஆனால் இரண்டு செடிகளையும் பூக்கும் காலத்தில் பாருங்கள். ரேப் வயல் வசந்தத்தில் மஞ்சள் பாய் விரித்தாற்போலக் கிடக்கும்; ஜப்பானியர் அந்தப் பூவைக் கொண்டாடுவார்கள். நம் ஆவாரையும் மஞ்சளே. பொங்கல் காப்புக்கட்டில் வேப்பிலையோடு வீட்டுக் கூரையில் செருகப்படுவது. ஊரார் தீண்டத் தயங்கிய தோலைத் தொட்டுப் பக்குவப்படுத்திய செடிகள் இரண்டும் ஊரார் வீட்டு மங்கலத்துக்கு உரிய செடிகள்.

நிறத்தில் இன்னொரு விந்தை. பாலாறு என்று பெயர் பெற்றது நம் ஆறு. பால்நிறத் தோலைத் தந்தது அவர்கள் ஆறு. ஆம்பூர் வட்டாரத்தில் இன்று தொழிற்சாலையிலிருந்து முதலில் வெளிவரும் தோல் நீலம். குரோமிய உப்பு ஏற்றிய ஈரத்தோலை ‘வெட் புளூ’ என்கிறார்கள். ஆவாரம்பட்டைக்கு வாரக்கணக்கில் பொறுத்திருந்த தோலைக் குரோம் ஒரே நாளில் முடித்துவிடுகிறது. சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையைப் பரப்பிய பிறகு ஒரு பேட்டையே அந்த உலோகத்தின் பெயரைப் பெற்றது. மின்ரயிலில் குரோம்பேட்டையைக் கடக்கும் எத்தனை பேருக்கு அது நினைவுக்கு வரும்? ஹிமேஜியும் விதிவிலக்கன்று. வெண்தோல் இன்று அங்கே மிகச் சிலரின் கைவண்ணம். மற்றபடி இங்கு உருளும் டிரம்களே அங்கும் உருள்கின்றன. பழைய ஹிமேஜியையும் புதிய ஆம்பூரையும் நிறுத்தி எடைபோட்டால் தராசு கோணும். பழையதைப் பழையதோடும் புதியதைப் புதியதோடும் வைப்பதே முறை.

பண்பாட்டுத் தாக்கம் என்றால் ஜப்பானிலிருந்து நமக்கு வந்தவற்றையே எண்ணுவது வழக்கம். இன்று தொழிற்சாலைச் சுவர்களில் தொங்கும் ‘ஐந்து எஸ்’ ஒழுங்குமுறைப் பலகை வரை அந்தக் கணக்கு நீளும். தோலிலோ ஓட்டம் எதிர்த்திசையில் இருந்தது. யமனாஷி மாநிலத்தின் கோஃபு நகரில் மான்தோலின்மேல் அரக்குப் பூச்சால் நுண்ணிய கோலங்கள் இடும் கலை ஒன்று உண்டு. அதன் பெயர் ‘இன்டென்’. இந்தியாவிலிருந்து வந்தது என்ற பொருளிலேயே அப்பெயர் அமைந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்தக் கலையின் பூச்சு வகைகளில் ஒன்றுக்கு ‘சரசா’ என்று பெயர். இந்தியப் பூத்துணிக்கு ஜப்பானியர் இட்ட பெயரும் அதுவே. எடோ காலத்து நகரவாசிகள் விரும்பி அணிந்த கோடுபோட்ட பருத்தித் துணிக்கு ‘சந்தோமே’ என்று பெயர். நம் சாந்தோம்தான் கடல் கடந்து அப்படித் திரிந்தது. மயிலாப்பூர்க் கடற்கரையின் பெயரை உடுத்திக்கொண்டு எடோவின், அதாவது இன்றைய டோக்கியோவின், கடைத்தெருவில் ஒருவர் நடந்திருக்கிறார் என்று எண்ணும்போது சிறு மகிழ்ச்சி உண்டாகிறது.

அந்த மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் வருகிறது. ஜப்பானியர் தாம் வாங்கிய பொருளுக்கு அது வந்த இடத்தின் பெயரைச் சூட்டினார்கள். தாம் செய்த தோலுக்கும் ஊர்ப் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை: ஹிமேஜி வெண்தோல், கோஷு இன்டென். நம் பட்டைத்தோல் உலகச் சந்தையில் எந்தப் பெயரால் அறியப்பட்டது? ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’. அது கம்பெனியின் பெயர். தலையில் தோல் குஞ்சம் வைக்கச் சொன்ன அதே கம்பெனி! புவிசார் குறியீடு கிடைத்தபோதும் அந்தப் பெயரிலேயே கிடைத்தது. ஆம்பூர் என்ற சொல்லுக்கு ஊர் ஊராகப் பலகை எழுதிய பெருமை உண்டு. ஆனால் அது பிரியாணிப் பலகை. அதே ஊரில் தைத்த காலணி ஐரோப்பிய நிறுவனத்தின் முத்திரையோடு கப்பலேறுகிறது. தட்டில் நிலைத்த பெயர் காலில் நிலைக்கவில்லை.

பொருளின் பெயரில் ஜப்பானுக்கு வெற்றி என்று தீர்ப்பெழுதிவிடலாமா? பொறுங்கள். இச்சிக்காவாக் கரையில் தோல் பதனிட்ட சிற்றூர்களின் பெயர் ஒன்றைக்கூட நான் இதுவரை எழுதவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி என்று தாராளமாக எழுதிய கை அங்கே தயங்கியது. காரணத்தைச் சொல்கிறேன்.

தோல் தொட்டவரை விலக்கும் வழக்கம் இரு சமூகங்களிலும் ஒரே வேரிலிருந்து முளைத்தது. நாம் தீட்டு என்பதை அவர்கள் ‘கெகாரே’ என்றார்கள். சாவோடும் குருதியோடும் தொடர்புடையது தூய்மை கெட்டது. அதைக் கையாளும் கையும் அப்படியே. கைக்குரியவரின் பிள்ளையும் பேரனும் அப்படியே. இங்கே சாதி, அங்கே பின்னாளில் ‘புராக்குமின்’ என்று அழைக்கப்பட்ட மக்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழையும் பழக்கத்தை ஒழுக்கத்தின் அழகு என்று இரு நாட்டாரும் பெருமையாகச் சொல்வார்கள். ஜப்பானிய வீட்டின் நுழைவிடமான ‘கென்கான்’ அதற்கென்றே தாழ்த்திக் கட்டப்பட்டது. அந்த அழகை மறுக்க எனக்கும் மனமில்லை. ஆனால் செருப்பு நின்ற அதே வாசற்படியில்தான் செருப்பு செய்தவரும் நிறுத்தப்பட்டார்.

இங்கே பௌத்தம் ஒரு வியப்பைத் தருகிறது. கொல்லாமையை வலியுறுத்திய அந்தச் சமயம் ஜப்பானில் பழைய தூய்மை எண்ணங்களோடு கலந்து, கால்நடையைக் கையாள்வோர்மீது படிந்த கறையை மேலும் ஆழமாக்கியது. தமிழகத்திலோ அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, பறையர் எனப்பட்டோர் பூர்வ பௌத்தர் என்றும், பௌத்தத்தைக் கைவிடாததற்காகவே தாழ்த்தப்பட்டனர் என்றும் வாதிட்டார். அவருடைய சங்கம் இந்தத் தோல் ஊர்கள் அடங்கிய வடஆர்க்காட்டிலும் வேர்விட்டது. தீட்டைக் கெட்டிப்படுத்திய சமயமே இன்னொரு நிலத்தில் தீட்டைக் கழுவும் நீரானது. ஒப்பாய்வில் இப்படித் தலைகீழாக நிற்கும் இணை அரிதாகவே கிடைக்கும்.

ஒரு வேற்றுமையை மறைக்கக் கூடாது. ஹிமேஜியில் விலக்கப்பட்ட சமூகத்தினரே சிறு சிறு குடும்பத் தொழிற்கூடங்களை நடத்தினார்கள். முதலும் உழைப்பும் பெரும்பாலும் ஒரே குடியிருப்பில் இருந்தன. ஆம்பூர் வட்டாரத்தில் தோல் வணிகத்தை வளர்த்தவர்கள் முஸ்லிம் வணிகர்கள். தோலில் தீட்டுப் பார்க்காத அவர்களுடைய சமயம் அந்தத் தொழிலை அவர்களுக்குத் திறந்துவைத்தது; அந்த வருவாயிலிருந்து பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தன. குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். இன்று ஷூ கம்பெனிகளில் தையல் இயந்திரத்தின்முன் வரிசையாக அமர்ந்திருப்போரில் மிகுதியானவர்கள் பெண்கள். ஆகவே ஹிமேஜியில் களங்கமும் உடைமையும் சேர்ந்திருந்தன; இங்கே பிரிந்தன.

இனி அந்தத் தயக்கத்துக்கு வருகிறேன். 1871இல் மெய்ஜி அரசு இழிபெயர்களை ஒழித்தது. ஆனால் குடிப்பதிவேட்டில் முகவரி இருந்தது. முகத்திலோ பேச்சிலோ உணவிலோ வேறுபாடு காண முடியாத மக்களை அடையாளம் காட்டும் ஒரே பொருள் அவர்களுடைய ஊர்ப் பெயர். 1975இல் ஒரு செய்தி வெளியாகி ஜப்பானை உலுக்கியது. புராக்கு ஊர்ப் பெயர்களை அச்சிட்ட ரகசியப் பட்டியல் ஒன்றைப் பல பெருநிறுவனங்கள் விலைகொடுத்து வாங்கி, வேலைக்கு விண்ணப்பித்தவர்களைச் சலிக்கப் பயன்படுத்தியிருந்தன. அதனால்தான் அங்கே ஊர்ப் பெயரை அச்சில் எழுதுவது ஒருவரின் திருமணத்தையும் வேலையையும் கெடுக்கக்கூடிய செயலாகவே கருதப்படுகிறது. “எந்த ஊரு, எந்தத் தெரு?” என்று நம் கிராமத்தில் ஒரு பெரியவர் கேட்பதற்கு என்ன பொருளோ அதே பொருள். நம்மவர் வாய்விட்டுக் கேட்கிறார். அவர்கள் பட்டியல் வாங்கிப் பார்த்தார்கள். இங்கே காலனி எது, ஊர் எது என்பதைப் பேருந்து நிறுத்தமே சொல்லிவிடும். ஜப்பானில் தோலுக்குப் பெயர் உண்டு, தோல் செய்தவரின் ஊர் மறைக்கப்படும். இங்கே தோல் செய்தவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும், தோலுக்குத்தான் பெயரில்லை.

இரு நாவல்கள் இதற்குச் சான்று காட்டுகின்றன. 1906இல் வந்த ஷிமாசாக்கி தோசோனின் ‘ஹக்காய்’ நாவலில் இளம் ஆசிரியன் ஒருவன் பிறப்பை எவரிடமும் சொல்லாதே என்ற தந்தையின் ஆணையைச் சுமந்து திரிகிறான். கதை முழுவதும் மறைத்தலின் வேதனை. இறுதியில் வாய்திறந்து ஒப்புக்கொள்கிறான். டி. செல்வராஜின் ‘தோல்’ திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளரைப் பற்றியது. 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. பிறப்பு ஊரறிந்தது, ஆகவே கதை சங்கமாகச் சேர்வதைப் பற்றியதாகிறது. ஜப்பானிய நாயகனின் சிக்கல் சொல்வதா வேண்டாமா என்பது. தமிழ்த் தொழிலாளியின் சிக்கல் கூலி.

பெயரை மாற்றிக்கொள்வதிலும் இருவரும் நெருங்கி வருகிறார்கள். 1922 மார்ச் 3ஆம் நாள் கியோத்தோவில் ‘சுய்ஹேய்ஷா’ தொடங்கப்பட்டது. நீர்மட்டம்போல் சமமானோர் கழகம் என்று அதைத் தமிழாக்கலாம். ஆற்றங்கரைத் தொழிலாளருக்குப் பொருத்தமான பெயர். அதே 1922 மார்ச்சில், தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜாவின் தீர்மானத்தைத் தொடர்ந்து, சென்னை மாகாண அரசு பழைய பெயர்களை விடுத்து ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத ஆணையிட்டது. ஒருவரை ஒருவர் அறியாத இரு இயக்கங்கள் ஒரே மாதத்தில்! சொற்களைக் கவனியுங்கள். 1871க்குப் பின் ஜப்பானிய மக்கள் விலக்கப்பட்டிருந்தோரை ‘புதிய பொதுக்குடி’ என்று குத்தலாக அழைத்தார்கள். நம்மவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட முன்னொட்டு ‘ஆதி’. அவர்களைப் புதியவர் என்று பிறர் தள்ளிவைத்தார்கள். இவர்கள் யாவருக்கும் முந்தியவர் என்று தம்மை நிறுத்திக்கொண்டார்கள். இந்த ஒரு சோடிச் சொல்லுக்காகவே இந்த ஒப்பீடு செய்யத்தக்கது. இன்னொரு பெயரும் நினைவுக்கு வருகிறது. இந்தத் தோல் மாவட்டத்துக்கே 1989 முதல் சில ஆண்டுகள் ‘வடஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று பெயர் இருந்தது. பிறகு மாவட்டங்களிலிருந்து தலைவர் பெயர்கள் நீங்கியபோது அதுவும் நீங்கிற்று.

தோலின் இன்னொரு பயன் இசை. ஜப்பானியக் கோயில் விழாவில் முழங்கும் தைக்கோவும் நம் மேடையில் ஒலிக்கும் மிருதங்கமும் மாட்டுத்தோல் இன்றி அமையா. தைக்கோவைச் செய்தவர்கள் புராக்குமின். மிருதங்கத்துக்குத் தோல் பொருத்துவோர் பலர் தலித் கிறித்தவர். இதைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் நூல் எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்குத் தந்த இடத்தைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. கேட்கப்பட்டது ஒலி, கேட்கப்படாதது கை. ஒசாக்காவின் நானிவாப் பகுதி இளைஞர்கள் இந்த முறையை 1987இல் மாற்றினார்கள். செய்பவர்களாகவே இருந்தவர்கள் அடிப்பவர்களாகவும் ஆகித் தம் குழுவுக்கு ‘இக்காரி’ என்று பெயர் வைத்தார்கள். சினம் என்று பொருள். ஒளிந்திருந்த ஊர் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னது. தமிழகத்தில் பறை சாவு வீட்டிலிருந்து மேடைக்கு ஏறியதும் ஏறத்தாழ அதே காலகட்டத்தில்; திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு அதற்கொரு சான்று. 2025இல் பறை ஆசான் வேலுவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தைக்கோ உலக மேடைகளை எப்போதோ பிடித்துவிட்டது. பறைக்கு அந்தப் பயணம் இப்போதுதான்.

வணிகச் சட்டங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இந்தியா 1970களில் பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, தோல் காலணியாகி வெளியேறட்டும் என்றது. ஆம்பூரின் ஷூ கம்பெனிகளுக்கு அது ஊன்றுகோலாயிற்று. ஜப்பான் இறக்குமதி வாசலை அடைத்தது. 1984இல் காட் (GATT) என்ற பன்னாட்டு வணிக உடன்பாட்டு அமைப்பில் அது கேள்விக்குள்ளானபோது, விலக்கப்பட்ட சமூகத்தின் பிழைப்பு இந்தத் தொழிலில் இருக்கிறது என்றே ஜப்பான் வாதிட்டுத் தோற்றது. இன்றும் வரம்புக்கு மேல் வரும் தோல் காலணிக்கு 30 விழுக்காடு அல்லது சோடிக்கு 4,300 யென், எது அதிகமோ அது வரி. உள்நாட்டில் பேசத் தயங்கியதை வணிக மன்றத்தில் ஜப்பான் உரக்கச் சொன்னது என்பதே இதில் சுவை.

ஆற்றுக் கணக்கில் நமக்குப் பின்னடைவு. இதில் நடுநிலை என்று மென்று விழுங்கத் தேவையில்லை. புராக்குப் பகுதிகளுக்கென 1969இல் தனிச் சட்டம் இயற்றி, 2002 வரை பொதுப்பணத்தை ஜப்பான் செலவிட்டது. ஹிமேஜியில் தோல் கழிவுநீரை முதலில் வாங்கிச் சுத்திகரிக்கும் நிலையங்கள் நகராட்சியின் பொறுப்பில் உள்ளன. இங்கே ஆறு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போனதை அத்தீர்ப்பு பதிவுசெய்தது. சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்ற பெயர் இன்றும் உச்சரிக்கப்படுவது அதனால்தான். ஆனால் 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பெழுத நேர்ந்தது.

ஹிமேஜி மக்களிடம் நாம் வாங்க வேண்டியது அந்தக் கழிவுநீர் நிலையப் பொறுப்பும், செய்த பொருளுக்கு ஊர்ப் பெயர் இடும் துணிவும். நம்மிடம் அவர்கள் வாங்கக்கூடியதும் ஒன்று உண்டு: யார் செய்தார் என்பதை மறைக்காமல், அதையே முன்வைத்து உரிமை கேட்கும் வழக்கம். உங்கள் தோல் காலணியின் நாக்கைத் திருப்பிப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் இருக்கும், அளவு இருக்கும், ‘மேட் இன் இந்தியா’ என்றும் இருக்கும். ஆம்பூர் இருக்காது.